ஆரல்வாய்மொழிக் காற்றை ஆரல்வாய்மொழியில்தான் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு அந்த இடங்களில் பெரிய இயந்திரங்களை நிறுத்துவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024இல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்ட நாளிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடையில்கூட இதுதான் பேச்சு. கட்டுரையில் மெகாவாட் இருந்தது, முதலீடு இருந்தது, நிலப் பிரச்சினை இருந்தது. எந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு மட்டும் 'கம்ப்யூட்டர் சிமுலேஷன் மூலம் முடிவு செய்யப்படும்' என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்திரண்டு வருஷம் முப்பந்தல் பக்கம் காற்றாடிப் பராமரிப்பு வேலை பார்த்தவன். எங்கள் ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காற்றாடிதான். அந்தப் பெயர் இந்த இயந்திரங்களோடு வந்ததும் இல்லை. 1752இல் கிறிஸ்தவ மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற மலைக்கு அப்போதே காற்றாடிமலை என்றுதான் பெயர். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே காற்றாடிமலை, நடுவில் ரோடும் ரயிலும் போகிற இடைவெளி, அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். வைகாசி பிறந்ததும் மேற்கே இருந்து வருகிற காற்று முழுவதும் அந்த இடைவெளிக்குள் நெருக்கிப் புகுந்து, வேகம் பிடித்து, அந்தப் பக்கம் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று விரிகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்ற ஊர்க்காரர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். தோவாளைப் பக்கம் வாழை போட்டவர்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற காரியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காற்றின் வேகமும் மின்சாரமும் நேர்க்கணக்கில் போவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அந்தக் காற்றில் உள்ள சக்தி எட்டு மடங்காகும். அதையே திருப்பிப் பாருங்கள்: வினாடிக்கு 10 மீட்டர் என்று கணக்குப் போட்ட இடத்தில் 9 மீட்டர்தான் வந்தது என்றால் வேகத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, சக்தியில் குறைந்தது 27 சதவீதம். இருபது வருஷக் கடன் போட்டு வைக்கிற இயந்திரத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இடத்தைத் தேர்வு செய்கிற கணக்கில் ஒரு மீட்டர் தவறினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டில் எனக்குப் பத்து காற்றாடிகள். எல்லாம் ஒரே மாடல், 27 மீட்டர் விட்டம், 30 மீட்டர் டவர். அதில் மலையை ஒட்டி நின்ற ஒன்று மட்டும் சீசன் நேரத்தில் சும்மா சும்மா டிரிப் ஆகும். காற்று வருகிற பக்கம் தலையைத் திருப்புகிற யா மோட்டார் திணறும், கியர்பாக்ஸில் சத்தம் வேறு. முன்வரிசை இயந்திரம் முழு லோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது இது பாதிக்குத் தள்ளாடும். அந்த இடத்தைத் தேர்வு செய்தபோதும் ஒரு கம்ப்யூட்டர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். காற்று அளந்த கம்பம் நின்றது சமவெளியில், மலையிலிருந்து நன்றாகத் தள்ளி. அங்கே அளந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு மலையடி வரைக்கும் நீட்டியிருந்தார்கள்.

ஒரு ஆனி மாதம் மேலே ஏறினபோது பழைய துவர்த்து (துண்டு) ஒன்றைக் கிழித்து இரண்டு விரல் அகலத்தில் ஆறேழு கீற்றாக்கி, டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கிற கூடான நாசெலின் மேல் கம்பியில் வரிசையாகக் கட்டிவிட்டு வந்தேன். கீழே இருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற சிவப்பு. மற்ற இயந்திரங்களில் அப்படிக் கட்டினால் கீற்று விறைப்பாகக் கிழக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். இதில் கொஞ்ச நேரம் கிழக்கே நிற்கும், திடீரென்று கீழ்நோக்கிக் குத்தும், அப்புறம் சுருண்டு மேற்கே, அதாவது காற்று வருகிற பக்கமே திரும்பும். பத்து மணிக்கு மேல் காற்று ஏற ஏற அந்தச் சுழல் கூடிக்கொண்டே போனது. அரை மணி நேரம் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மலையின் விளிம்பைத் தாண்டின காற்று சரிவை ஒட்டி இறங்காமல் பிய்த்துக்கொண்டு போய், கீழே ஒரு சுழலை விட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சுழலுக்குள்தான் எங்கள் இயந்திரம் நின்றது. மேலதிகாரியிடம் சொன்னேன். ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை என்றார். அதோடு முடிந்தது. இரண்டு கியர்பாக்ஸ் மாற்றின பிறகு அந்தக் காற்றாடியை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதைப் பல வருஷம் கழித்து என் தங்கை மகளிடம் சொன்னேன். அவள் எம்.டெக். படிப்புக்கு எடுத்துக்கொண்டதே காற்றாடி இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற வேலைதான். 'மாமா, அந்தத் துவர்த்துக் கீற்றுக்கு எங்க பாடத்துல டஃப்ட்னு பேரு. விசிறி வச்சுக் காத்தை ஓட விடுற காற்றுச்சுரங்கத்துல மாடல் மேல நூல் ஒட்டி இப்படித்தான் பாப்பாங்க' என்றாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் நான் டவரில் கண்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிமுலேஷன் என்பது ஒரே ஒரு பொருள் இல்லை என்பதைப் பொதுமக்களும் பஞ்சாயத்துக்காரர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பேனாவும் பேப்பரும் வைத்துப் போடக்கூடிய சிமுலேஷன் இருக்கிறது, பெரிய கம்ப்யூட்டர் கூட்டத்தை வாரக்கணக்கில் ஓட்டினால்தான் முடிகிற சிமுலேஷனும் இருக்கிறது. இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே பெயர்தான் போடுவார்கள்.

எளிய பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு காற்றாடிக்குப் பின்னால் காற்று தளர்ந்து போகும். அந்தத் தளர்ந்த காற்றை வேக் என்கிறார்கள், நான் நிழல் என்று சொல்வேன். டென்மார்க்கில் ஜென்சன் என்பவர் 1983இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார், இன்றைக்கும் உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நிழல் பின்னால் போகப் போகக் கூம்பு மாதிரி விரியும், விரிய விரிய வெளிக்காற்று கலந்து வேகம் மீளும், அவ்வளவுதான். தங்கை மகள் என் முன்னாலேயே நோட்டில் போட்டுக் காட்டினாள். நன்றாக இழுக்கிற ஒரு காற்றாடிக்கு நேர் பின்னால், இறக்கை வட்டத்தின் விட்டம் போல 5 மடங்கு தூரத்தில் வேகம் நூற்றுக்கு 82தான் இருக்கும், மின்சாரம் 55. அதே 7 மடங்கு தூரத்தில் வேகம் 87, மின்சாரம் 65. காற்று வருகிற திசையில் 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு இடைவெளி என்று நம் நாட்டில் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டென்மார்க் கடலில் ஹார்ன்ஸ் ரெவ் என்ற இடத்தில் 2008 பிப்ரவரியில் பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு காற்றாடிக்குப் பின்னாலும் வெள்ளை வால் நீண்டு, அடுத்த காற்றாடி அந்த வாலுக்குள் நிற்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். பின்வரிசைக் காற்றாடிகளைப் பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

இப்போது பழைய 27 மீட்டர் போய் 120 மீட்டருக்கு மேல் விட்டம் உள்ளது வருகிறது. 7 மடங்கு என்றால் 840 மீட்டர். அதன் நிழல் பக்கத்துச் சர்வே எண்ணைத் தாண்டி, பாதையைத் தாண்டி, இன்னும் கழற்றாமல் நிற்கிற வேறொருவருடைய பழைய காற்றாடி மேல் விழும். இறக்கையின் கீழ்நுனி தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் சுற்றினாலும், விரிந்துகொண்டே போகிற நிழல் அந்த 840 மீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும் என்று அந்த எளிய சூத்திரமே சொல்கிறது. ஒன்றிரண்டு காற்றாடி மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கணக்கு யார் கொடுப்பது?

மலை விஷயம் இதைவிடச் சிக்கல். சமவெளிக்கும் மெதுவான மேட்டுக்கும் பொருந்துகிற கணக்குகள் இருக்கின்றன, சீக்கிரம் முடிந்துவிடும், செலவும் குறைவு. 1980களில் டென்மார்க்கில் எழுதி உலகமெல்லாம் பரவின மென்பொருள் அந்த ரகம். டென்மார்க் தட்டையான நாடு, அங்கே அது அருமையாக வேலை செய்யும். சரிவு 17 பாகைக்கு மேல் போனால் காற்று மலையை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும், அந்தப் பிரிவு அந்த வகைக் கணக்குக்குள்ளேயே கிடையாது. காற்றாடிமலையை ஒருதரம் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், அது என்ன 17 பாகையா?

தங்கை மகள் ஒரு லீவில் வந்து, என் துவர்த்துக் கதையைச் சோதித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். மலையின் உயரங்கள் இஸ்ரோவின் புவன் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம். ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளும் இலவசம். மலையையும் அதன் மேல் இருக்கிற காற்றையும் லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று என்ன வேகம், எந்தத் திசை, என்ன அழுத்தம் என்று திரும்பத் திரும்பத் தீர்ப்பதுதான் வேலை. முதல் தடவை பெரிய கட்டமாக வெட்டி ஓட்டினாள். திரையில் காற்று மலையை வழுவழுவென்று தடவிக்கொண்டு இறங்கியது, சுழலே இல்லை. என் முகம் வாடிப்போனது. 'பொறுங்க மாமா' என்று விளிம்புப் பக்கம் கட்டங்களைச் சிறியதாக்கி இரண்டாம் தடவை ராத்திரி முழுக்க ஓட விட்டாள். காலையில் கட்டன்சாயா டம்ளரோடு போய்ப் பார்த்தால், விளிம்பிலிருந்து காற்று பிரிந்து, அடியில் நீல நிறத்தில் ஒரு சுழல், கிட்டத்தட்ட நான் காட்டின இடத்திலேயே. அதே கம்ப்யூட்டர், அதே மலை, அதே காற்று. கட்டம் பெரியதா சிறியதா என்பது ஒன்றுதான் மாறியது, விடை தலைகீழாகிவிட்டது.

நான் துள்ளிக் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. 'மாமா, இதுவும் சரின்னு சொல்ல முடியாது. மூணாவது தடவை இன்னும் சின்னதாக்கினா சுழல் வேற இடத்துக்குப் போகலாம். விளிம்பு எவ்வளவு கூர்மைன்னு 30 மீட்டர் புள்ளியில தெரியாது. மேற்கே தென்னந்தோப்பு காத்தை எவ்வளவு பிடிக்குதுன்னு நான் குத்துமதிப்பாத்தான் போட்டிருக்கேன். அளந்து பாக்காம எதையும் நம்பாதீங்க' என்றாள். படித்த பிள்ளை இப்படிப் பேசியது எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் சொன்னதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 2000இல் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில், 24 மீட்டர் உயரமும் 36 மீட்டர் அகலமும் உள்ள காற்றுச்சுரங்கத்துக்குள் 10 மீட்டர் விட்டமுள்ள நிஜமான காற்றாடி ஒன்றையே நிறுத்தி, ஒவ்வொரு வேகத்திலும் அளந்தார்கள். அளந்த எண்களை மூடி வைத்துக்கொண்டு, பல நாட்டு நிபுணர் குழுக்களிடம் உங்கள் சிமுலேஷனை வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். காற்று சீராக, நேராக, இறக்கையை விட்டுப் பிரியாமல் போகிற எளிய நிலையிலேயே விடைகள் அளந்ததில் 25 சதவீதத்திலிருந்து 175 சதவீதம் வரை சிதறின. வேகம் கூடிக் காற்று இறக்கையை விட்டுப் பிரிகிற நிலையில், அதாவது ஸ்டால் ஆகும்போது, 30இலிருந்து 275 வரை. அன்றைக்கு அந்தத் துறையில் முன்னணியில் இருந்தவர்களின் கணக்குகள் இவை. அந்த எண்களை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கணக்கை அந்த அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தித் திருத்தித்தான் இன்றைய நிலைக்கு வந்திருக்கிறார்கள். டென்மார்க்கில் போலுண்ட் என்ற 12 மீட்டர் உயரமுள்ள சின்ன மேட்டையும் இப்படித்தான் கம்பம் கம்பமாக நட்டு அளந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை அதோடு பொருத்திப் பார்த்தார்கள். 12 மீட்டர் மேட்டுக்கே இத்தனை பாடு.

ஸ்டால் பற்றிச் சொன்னதால் ஒரு விஷயம். எங்கள் பழைய காற்றாடிகளில் இறக்கையைத் திருப்புகிற பிட்ச் வசதி கிடையாது. காற்று மிஞ்சினால் இறக்கை தானாக ஸ்டால் ஆகி லோடைக் கட்டுப்படுத்தும், அப்படித்தான் வடிவமைத்தார்கள். சீசனில் சில இயந்திரங்கள் காரணமே இல்லாமல் லோடு குறைந்து ஓடும். ஒருமுறை இறக்கையை நிறுத்திக் கயிற்றில் தொங்கிப் பக்கத்தில் போய் முன்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் போல இருந்தது, செத்த பூச்சிகள் மேலே புழுதி அப்பி இறுகிக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்த பிறகு லோடு ஏறினது. அது எங்களுக்குப் பழக்கத்தில் வந்த அறிவு. 2001இல் இரண்டு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதையே ஆராய்ந்து, பூச்சி படிந்த இறக்கை பலத்த காற்றில் பாதி மின்சாரத்தை இழக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். காற்று குறைவாக இருக்கும்போதுதான் பூச்சி பறக்கும், அப்போது வந்து ஒட்டும், பலத்த காற்று வரும்போது அதன் விளைவு தெரியும். வழுவழுப்பான இறக்கையை வைத்துப் போட்ட எந்தச் சிமுலேஷனிலும் இந்தப் பூச்சி வராது. யாராவது டவர் ஏறி வந்து சொன்னால்தான் வரும்.

ஆகவே எனக்குச் சிமுலேஷன் மேல் கோபம் இல்லை. அது இல்லாமல் 120 மீட்டர் இறக்கை வட்டத்தை இந்தக் கணவாயில் நிறுத்தவே கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தச் சிமுலேஷன் இந்த மலையை வைத்துப் போட்டதாக இருக்க வேண்டும், இந்த மலையில் அளந்ததோடு ஒத்துப்போனதாக இருக்க வேண்டும். தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில். கயத்தாறு சமவெளி, அங்கே சரியாக வந்தது இங்கேயும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கணவாயின் மேற்கு வாயில், குறுகின நடுப்பகுதி, முப்பந்தல் பக்கம் விரிகிற இடம் என்று மூன்று இடத்திலாவது புதிய இயந்திரங்களின் உயரத்துக்கு அளக்கிற ஏற்பாடு வேண்டும். உயரமான கம்பம் நட முடியாத இடத்தில் லேசரை மேலே அனுப்பிக் காற்றை அளக்கிற லைடார் கருவி இப்போது இருக்கிறது, வண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஒரு முழு சீசன் அளந்து, அந்த எண்களைப் பொதுவில் போடுங்கள். அப்புறம் திட்டம் கொண்டுவருகிற ஒவ்வொருவரும் தங்கள் சிமுலேஷனை அந்த எண்களோடு பொருத்திக் காட்டட்டும். கட்டம் எவ்வளவு சிறியது, மலை உயரம் எங்கிருந்து எடுத்தது, பக்கத்து நிலத்துக் காற்றாடி மேல் நிழல் எவ்வளவு என்பதெல்லாம் அந்த அறிக்கையிலேயே இருக்க வேண்டும். நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! பிள்ளைகள் எங்கோ வெளிநாட்டில் வரைந்த 5 மெகாவாட் மாதிரிக் காற்றாடியை எடுத்துவைத்து புராஜெக்ட் செய்கிறார்கள். அதில் தப்பு இல்லை, எண்கள் வெளிப்படையாக இருப்பதால் அதை எடுக்கிறார்கள். நம் கணவாயின் எண்களும் அப்படி வெளியில் இருந்தால், பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற காற்றை வைத்தே புராஜெக்ட் செய்வார்கள்.

இன்னொன்று அவசரம். பழைய காற்றாடிகளைக் கழற்றும்போது டவரும் ஜெனரேட்டரும் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடைக்குப் போகும், போகட்டும். கன்ட்ரோல் ரூமில் கிடக்கிற லாக் புக்குகளும் அதோடு சேர்ந்து பழைய பேப்பர் விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த நாளில், எந்த மணியில், எந்தக் காற்றாடி, எவ்வளவு காற்றில், எவ்வளவு லோடு, ஏன் நின்றது என்று ஆபரேட்டர்கள் கையால் எழுதி வைத்தது. பின்வரிசை இயந்திரம் எப்போதெல்லாம் முன்வரிசையின் நிழலில் விழுந்தது என்பது அதில் இருக்கிறது. இந்தக் கணவாயில் முப்பது வருஷக் காற்று எழுதினது அது. மாவட்ட நிர்வாகமோ எரிசக்தித் துறையோ ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், கழற்றுவதற்கு முன் அவற்றை வாங்கி ஒரு கல்லூரி நூலகத்தில் வைத்துவிடலாம்.

என் கையில் மூன்று லாக் புக் இருக்கிறது. ஒன்று மழையில் நனைந்து ஓரம் பொடிந்துவிட்டது, எழுத்து தெரியும். மலையடியில் நின்ற அந்தக் காற்றாடியின் நான்கு சீசன் அதில் முழுதாக இருக்கிறது. மாணவர்களோ ஆசிரியர்களோ யார் வேண்டுமானாலும் உங்கள் அலுவலகம் வழியாகத் தொடர்புகொண்டால் நகல் எடுத்துக்கொள்ளத் தருகிறேன். ஆடி முடிவதற்குள் வந்தால் மலையடிக்கே கூட்டிக்கொண்டு போய், ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டி, எந்த இடத்தில் கீற்று மேற்கே திரும்புகிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றாடிப் பராமரிப்பாளர்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.